கடைக்கான தொழில் உரிமம்: எந்தக் காகிதம் எந்தக் கேள்விக்கு விடை?

மதுரையில் புதிதாகக் கடை வைக்க நினைக்கும் ஒருவர், லைசென்ஸ் எடுக்க எங்கே போக வேண்டும் என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு விதமான விடை கிடைக்கும். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்வார். சிம்மக்கல்லில் உணவகம் நடத்துபவர் உணவுப் பாதுகாப்புத் துறையின் சான்றிதழைச் சொல்வார். கணினி மையம் வைத்திருப்பவர், சிறு தொழில்களுக்கான உத்யம் சான்றிதழை அங்கேயே எடுத்துத் தருவதாகச் சொல்வார். கடைத்தெருவில் நெடுங்காலம் இருக்கும் பெரியவர், "தொழில் வரியக் கட்டி ரசீத வச்சுக்கப்பா, அது போதும்" என்பார். எல்லோரும் தாம் பட்டறிந்ததைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் காகிதங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டத்தில் தேவைப்படக் கூடியவையே. ஆனால் மாநகராட்சியோ நகராட்சியோ வழங்கும் தொழில் உரிமம் என்பது இவற்றுள் எதுவும் இல்லை.

இந்தக் குழப்பத்தின் சுமை பெரும்பாலும் சிறிய முதலீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. நகையை அடகு வைத்து, கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து, அலமாரி அடித்து, பெயர்ப் பலகையும் மாட்டிய பிறகு, அந்த இடத்தில் அந்தத் தொழிலுக்கு உரிமம் கிடைப்பது கடினம் என்று தெரிய வந்தால், கொடுத்த பணம் எளிதில் திரும்பி வராது. உரிமம் என்பது எதைப் பற்றியது என்பதை முதலிலேயே விளங்கிக்கொண்டவர், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார். அந்த விளக்கத்துக்காகவே இந்தக் கட்டுரை.

ஒரு வண்டிக்கு எத்தனை காகிதங்கள்?

இருசக்கர வாகனம் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்ததே. வண்டி யாருடையது என்பதற்கு ஆர்.சி. புத்தகம்; ஓட்டுபவருக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கு ஓட்டுநர் உரிமம்; விபத்து நேர்ந்தால் இழப்பீடு யார் பொறுப்பு என்பதற்குக் காப்பீடு; சாலையைப் பயன்படுத்துவதற்குச் சாலை வரி. இவை நான்கும் ஒரே வண்டியைச் சுற்றியவை என்றாலும், ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை. சாலை வரி கட்டிய ரசீதைக் காட்டி, ஓட்டுநர் உரிமம் இருக்கிறது என்று எந்தக் காவலரிடமும் சொல்ல முடியாது. காப்பீடு இருப்பதால் வண்டி நம்முடையதாகிவிடாது.

கடையும் அப்படித்தான். வரி கட்டப்பட்டதா, விற்கும் உணவு பாதுகாப்பானதா, எடைக்கல் சரியானதா, வேலையாட்களின் உரிமைகள் காக்கப்படுகின்றனவா என்று ஒவ்வொரு கேள்வியையும் ஒவ்வொரு துறை கேட்கிறது. விடையாக ஒவ்வொரு காகிதத்தைக் கொடுக்கிறது. அப்படியானால் உள்ளாட்சி கேட்கும் கேள்வி எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

உரிமம் முதலில் இடத்தைப் பார்க்கிறது

தொழில் செய்வது குடிமகனின் அடிப்படை உரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(g) பிரிவு அதை உறுதி செய்கிறது. அதே 19-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு, பொதுநலன் கருதி அந்த உரிமையின் மீது நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்கிறது. எனவே, உங்களுக்குத் தொழில் செய்யத் தகுதி உண்டா என்று மாநகராட்சி ஆராய்வதில்லை. இந்தக் குறிப்பிட்ட இடத்தில், இந்தக் குறிப்பிட்ட தொழிலை நடத்தினால், சுற்றி வாழ்பவர்களுக்கும் தெருவுக்கும் சாக்கடைக்கும் என்ன ஆகும் என்பதே அதன் கேள்வி. தொழில் உரிமம் என்பது, ஓர் இடத்தை ஒரு தொழிலுக்குப் பயன்படுத்திக்கொள்ள உள்ளாட்சி அமைப்பு நிபந்தனைகளோடு கொடுக்கும் அனுமதி.

இதன் வேர் பழையது. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், தீ, புகை, நாற்றம், கழிவு, இரைச்சல் ஆகியவற்றால் பிறருக்கு ஆபத்தோ தொல்லையோ தரக் கூடிய தொழில்களைப் பட்டியலிட்டு, உரிமம் பெறாமல் எந்த இடத்தையும் அவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றன. பழைய அலுவலர்கள் இன்றைக்கும் இதை "டி அண்ட் ஓ லைசென்ஸ்" என்று சொல்வதைக் கேட்கலாம். அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்கள் என்ற அந்தப் பழைய சட்டப் பட்டியலின் ஆங்கிலத் தலைப்பின் சுருக்கம் அது. விறகுக் கடை, தோல் கிடங்கு, சுண்ணாம்புக் காளவாய், மாவு அரைக்கும் ஆலை, உணவு விடுதி ஆகியவற்றை ஒரே பட்டியலில் வைக்கலாம் என்று எண்ணியவர்களின் நோக்கம், தொழிலை இழிவுபடுத்துவதாக இருந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாக வாழ வேண்டும் என்பதே அந்தப் பட்டியலுக்கான நியாயம்.

மதுரை 1866-இல் நகராட்சியாகி, 1971-இல் மாநகராட்சியானது. அதற்கெனத் தனிச் சட்டமும் அந்த ஆண்டில் இயற்றப்பட்டது. இப்போது அந்தத் தனிச் சட்டம் நடைமுறையில் இல்லை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்ற பொதுச் சட்டமும் அதன் 2023-ஆம் ஆண்டு விதிகளும் 2023 ஏப்ரல் 13 முதல் மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் அனைத்துக்கும் பொருந்துகின்றன. சட்டத்தின் பெயர் மாறியிருந்தாலும், இடத்தையும் அதில் நடக்கும் தொழிலையும் சேர்த்துப் பார்க்கும் அடிப்படை மாறவில்லை.

ஒரு மாவு மில்லை எடுத்துக்கொள்வோம். செல்லூரின் குறுகிய தெரு ஒன்றில், இருபுறமும் வீடுகளுக்கு இடையே அது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் வற்றல் அரைக்கும் நேரத்தில் தெருவே தும்மும். மோட்டார் ஓடும்போது பொதுச் சுவரின் மறுபக்கத்தில் அலமாரிப் பாத்திரங்கள் அதிரும். அதே மில் நாலாபுறமும் இடைவெளி விட்ட தனிக் கட்டடத்தில் இருந்தால் இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை. மில் நடத்துபவர் ஒருவரே, இயந்திரமும் ஒன்றே; ஓர் இடத்தில் உரிமம் எளிதாகவும் மற்றோர் இடத்தில் கடினமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இயந்திரம் வைத்து நடத்தும் தொழில்களில் மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்பதும் இதனாலேயே.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம்: உரிமத்தில் மூன்று விவரங்கள் பிணைந்திருக்கின்றன. யார், எந்த இடத்தில், என்ன தொழில். மூன்றில் ஒன்று மாறினாலும் பழைய உரிமம் அப்படியே பொருந்தாது. உரிமம் என்ற கட்டுக்குள் வராத தொழில்களும் உண்டு. பட்டியலில் உங்கள் தொழில் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

தொழில் வரியும் தொழில் உரிமமும்

மிகப் பரவலான குழப்பம் இங்கேதான். இரண்டின் பெயரும் ஒன்றுபோல் தொடங்குகின்றன. இரண்டையும் உள்ளாட்சி அமைப்பே வாங்குகிறது. இரண்டுக்கும் ரசீது ஒரே கவுன்ட்டரில் கிடைக்கலாம். ஆனால் தொழில் வரி என்பது, ஒருவர் ஈட்டும் வருமானத்தின் மீது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி விதிக்கும் வரி. கடைக்காரர் மட்டுமல்லாமல் ஆசிரியர், வங்கி ஊழியர், மருத்துவர், வழக்கறிஞர் என்று சம்பாதிக்கும் எவரும் வரம்புக்கு மேல் வருமானம் இருந்தால் இதைக் கட்டுகிறார்கள். ஆசிரியருக்குத் தொழில் உரிமம் எதற்கு என்று ஒரு நொடி எண்ணிப் பார்த்தால் போதும், இரண்டும் வெவ்வேறு என்பது விளங்கிவிடும். அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆம் பிரிவின்படி, இந்த வரி ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது.

உரிமத்துக்குக் கட்டுவது வரி அன்று, கட்டணம். ஆய்வு செய்வது, பதிவேட்டில் வைப்பது, கண்காணிப்பது ஆகிய பணிகளுக்காக அது வாங்கப்படுகிறது. எனவே, தொழில் வரியைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் கட்டி வரும் ஒருவரிடமும் உரிமம் எங்கே என்று சுகாதார ஆய்வாளர் கேட்கலாம். கேட்பதில் முரண் எதுவும் இல்லை. பெரியவர் சொன்ன அறிவுரை நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது என்பதில் ஐயமில்லை. அது முழுமையானதாக இல்லை என்பதே வருத்தம்.

மற்ற காகிதங்கள்

ஜி.எஸ்.டி. பதிவு என்பது, பொருள் அல்லது சேவையின் மீதான வரியை வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குச் செலுத்துபவராகப் பதிந்துகொள்வது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும், சேவை அளிப்பவருக்கு 20 லட்சம் ரூபாயையும் தாண்டினால் பொதுவாக இது கட்டாயம். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புவது போன்ற சில நிலைகளில் அதற்கு முன்பே தேவைப்படும். உணவகம் சேவையின் பக்கம் சேரும். பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. தெருமுனைப் பெட்டிக்கடைக்கு இது தேவையே இல்லாமல் இருக்கலாம். அதனால் உரிமமும் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்று ஒன்றிய அரசு அடையாளம் கொடுப்பதே அது. கடனுக்கும் மானியத்துக்கும் அது உதவும். ஆதார் எண்ணை வைத்து, ஆவணம் எதையும் பதிவேற்றாமல், ஒரு ரூபாய் செலவின்றி வீட்டிலிருந்தே எடுக்கலாம். நம்மால் இயலாமல் கணினி மையத்தில் செய்யச் சொன்னால் அவருடைய உழைப்புக்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆனால் அரசுக் கட்டணம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் அது பொய். இந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்துவிட்டு, இதுவே உரிமம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் எளிதில் விளங்கக் கூடியதே. தனி உரிமையாளர் ஒருவர் கடையின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கும்போது, தொழில் நடப்பதற்குச் சான்றாக ஆவணங்களை வங்கி கேட்கும். ரிசர்வ் வங்கி ஏற்கும் பட்டியலில் உத்யம், ஜி.எஸ்.டி. சான்றிதழ், உள்ளாட்சி வழங்கும் உரிமம் ஆகியவை அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று இல்லையென்றால் மற்றொன்றைக் கொடுங்கள் என்று வங்கியில் சொல்வார்கள். வங்கிக்கு அது சரி; அதன் கேள்வி, தொழில் நடக்கிறதா என்பதோடு முடிந்துவிடுகிறது. மாநகராட்சியின் கேள்விக்கு அந்த மாற்று விடைகள் செல்லாது.

உணவுப் பொருளைச் செய்பவரும் விற்பவரும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, விற்றுமுதலுக்கு ஏற்பப் பதிவோ உரிமமோ பெற வேண்டும். பாக்கெட்டுகளில் நாம் பார்க்கும் 14 இலக்க எண் அதுதான். வேலையாட்கள் இருந்தால் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதற்குச் செய்யப்பட்ட 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வேலையாட்கள் உள்ள கடைகள் தொழிலாளர் துறையில் பதிய வேண்டும். நின்றுகொண்டே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்ற பெண்களின் கால்வலியை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தராசு வைத்திருப்பவர் அதே துறையில் எடையளவு முத்திரையும் பெற வேண்டும். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறை என்றால், சாயக் கழிவுநீருக்காக மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் சேரும்.

சுருங்கச் சொன்னால், மேலே சொன்ன எதுவும் தொழில் உரிமத்துக்குப் பதிலாகாது. தொழில் உரிமமும் இவற்றில் எதற்கும் பதிலாகாது. பெட்டிக்கடைக்கு இவற்றுள் ஒன்றிரண்டு போதும். உணவகத்துக்குப் பெரும்பாலானவை தேவை.

உங்கள் கடை யாருடைய எல்லையில் இருக்கிறது?

மாநகராட்சி எல்லைக்குள் 100 வார்டுகள், 5 மண்டலங்கள் உள்ளன. உங்கள் கடை எந்த வார்டில் இருக்கிறதோ, அந்த வார்டுக்குரிய மண்டல அலுவலகமே நீங்கள் போக வேண்டிய இடம். தல்லாகுளம் அண்ணா மாளிகையில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு எடுத்த எடுப்பிலேயே போக வேண்டியதில்லை. கட்டடத்தின் சொத்து வரி ரசீதில் வார்டு எண் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்றால் அந்தந்த நகராட்சி. சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என்றால் பேரூராட்சி. இவை எல்லாவற்றுக்கும் முன்பு சொன்ன நகர்ப்புறச் சட்டமே. கள்ளந்திரி போன்ற கிராம ஊராட்சி என்றால் சட்டமே வேறு: 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன் 159-ஆம் பிரிவு சில தொழில்களுக்கு உரிமத்தையும், 160-ஆம் பிரிவு ஆலைக்கும் இயந்திரம் நிறுவுவதற்கும் அனுமதியையும் பேசுகின்றன. ஆகவே, நகரத்தில் கடை வைத்திருக்கும் மாமா சொன்ன நடைமுறையை அப்படியே நம்பாமல், ஊராட்சிச் செயலரிடமும் ஒன்றிய அலுவலகத்திலும் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

உரிமம் இடத்தைப் பற்றியது என்பதால், விண்ணப்பத்தின் பாதி வேலை இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தை அவசரப்பட்டுக் கடப்பவர்களே பின்னால் அதிகம் அலைகிறார்கள்.

முதலில் வாடகை ஒப்பந்தம். வாய்ப் பேச்சிலும், பத்து ரூபாய் முத்திரைத்தாளிலும் கடை எடுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியப்படவும் வேண்டும். ஒப்பந்தத்தில் "வணிகப் பயன்பாடு" என்று பொதுவாக எழுதுவதைக் காட்டிலும், என்ன தொழில் என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். துணிக்கடை என்று வாடகைக்கு விட்ட உரிமையாளர், அங்கே அடுப்பு எரிவதைப் பார்த்ததும் ஆட்சேபம் தெரிவித்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது கட்டடம். சொத்து வரி குடியிருப்பு என்ற வகையில் விதிக்கப்பட்டிருக்கிறதா, வணிகம் என்ற வகையிலா என்று பாருங்கள். நிலுவை இருக்கிறதா என்றும் பாருங்கள்; உரிமையாளர் வைத்த பாக்கிக்காக வாடகைக்கு வந்தவரின் விண்ணப்பம் காத்திருக்க நேரலாம். வீட்டின் முன்னறையைக் கடையாக்கினால் மின் இணைப்பும் வீட்டுக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாற வேண்டும். கட்டட அனுமதியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரமாகக் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. மாசி வீதிகளை ஒட்டி மேல்மாடியில் கடை எடுப்பவர், அந்த மாடி அனுமதியோடு கட்டப்பட்டதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். தொழில் உரிமம் கிடைத்துவிட்டால் கட்டடத்தின் குறை சரியாகிவிடும் என்பது தவறான எண்ணம்.

விண்ணப்பமும் ஆய்வும்

விண்ணப்பத்தை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான இணையதளம் வழியாகவே பதிய முடியும். அடையாளச் சான்று, புகைப்படம், வாடகை ஒப்பந்தம் அல்லது சொந்த இடம் என்பதற்கான ஆவணம், சொத்து வரி ரசீது, உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் படிவம் நிரப்புவது பெரிய வேலை இல்லை. கடையின் பரப்பளவையும் தொழிலின் வகையையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பரப்பைக் குறைத்து எழுதுவதும், உணவகத்தைத் தேநீர்க் கடை என்று காட்டுவதும் ஆய்வின்போது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு சுகாதார ஆய்வாளர் இடத்தைப் பார்க்க வருவார். இந்த வருகையைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அவர் எதைப் பார்ப்பார் என்பது தெரிந்திருந்தால் அச்சத்துக்கு இடமில்லை. மாலையில் திறக்கும் ஒரு பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல் தெருவைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. எண்ணெய்ப் புகை மேல்மாடி வீட்டின் ஜன்னலுக்கு நேராக ஏறுகிறது. அங்கே கொடியில் துணி காய்கிறது. புகைபோக்கி கூரைக்கு மேல் போகிறதா என்பது முதல் கேள்வி. சால்னா சட்டியும் தட்டுகளும் கழுவிய நீர் எங்கே போகிறது என்பது இரண்டாவது. எண்ணெய்ப் பிசுக்கோடு அது மழைநீர் வாய்க்காலில் விழுந்தால், ஐப்பசி மழையில் அந்தத் தெரு முழுவதும் அதை அனுபவிக்கும். குடிநீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, ஈரக் குப்பையும் உலர் குப்பையும் தனித்தனியாகப் போடப்படுகின்றனவா, சமையல்காரர்களுக்கு மருத்துவப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா, பார்சலுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் தாளும் பையும் பயன்படுத்தப்படுகின்றனவா என்று பார்ப்பார். அடுப்படியில் வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டர் இருந்தால் அது தவறு. கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

இந்த ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்: மாடி வீட்டில் ஆஸ்துமாவோடு இருக்கும் பாட்டி, சாக்கடை அடைப்பெடுக்கும் தூய்மைப் பணியாளர், பரோட்டா சாப்பிட வரும் நாம். அதனால்தான், ஆய்வை வெறும் சடங்காக முடித்துவிட்டுப் போவதும், அதைச் சடங்காகவே முடித்துக்கொள்ள விரும்புவதும் இரண்டுமே பிழை என்று அழுத்தமாகச் சொல்கிறேன். குறை சொல்லப்பட்டால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சரிசெய்த பிறகு சரிசெய்துவிட்டதாக எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல்லாக இருக்கும் குறைக்கு முடிவே இருக்காது.

ரசீது வந்துவிட்டது, உரிமம் வந்ததா?

கட்டணம் செலுத்தியதும் ரசீது கிடைக்கும். அதைப் பலரும் உரிமமாகவே எண்ணிக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். உள்ளாட்சி முன்கூட்டியே கட்டணத்தை வாங்கிக்கொண்டது என்பதாலேயே உரிமம் கொடுக்கப்பட்டதாக ஆகாது. பணம் கட்டப்பட்டது என்பதற்கு மட்டுமே ரசீது சான்று. உங்கள் பெயர், கடையின் முகவரி, தொழில், செல்லுபடியாகும் காலம் ஆகியவை எழுதி, அதிகாரம் பெற்ற அலுவலர் ஒப்பமிட்ட சான்றிதழே உரிமம். அதில் கதவு எண்ணோ தொழிலின் பெயரோ பிழையாக இருந்தால் வாங்கிய உடனே திருத்திக்கொள்ளுங்கள்.

தாமதமானால் முதலில் விண்ணப்ப எண்ணோடு மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். விடை இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்தோடு, தன் விண்ணப்பம் எந்த மேசையில், எந்த நாளிலிருந்து, என்ன காரணத்துக்காக நிற்கிறது என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தரகர் கேட்கும் தொகையை விட இது மிகவும் மலிவு. பதிலும் எழுத்தில் கிடைக்கும். யாரேனும் கையூட்டுக் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. கடை தொடங்கும் முன்பே பகைத்துக்கொள்ள வேண்டுமா என்ற தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் முதல் ஆண்டு கொடுத்தவரிடம் ஒவ்வொரு ஆண்டும் கேட்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தள்ளுவண்டிக்கும் தரைக்கடைக்கும்

மாட்டுத்தாவணி ஓரத்திலும் நேதாஜி சாலை நெடுகிலும் வண்டியிலும் தரையிலும் விற்பவர்களுக்கு இந்த உரிமம் பொருந்துவதில்லை. அவர்களுக்கென்று ஓர் இடம் இல்லை. அவர்களுக்காக 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பில் பதிந்த வியாபாரிக்கு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொடுக்க வேண்டும். எந்தத் தெருவில் விற்கலாம் என்று பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். பூக்கூடையோடு உட்காரும் அக்காவுக்கு இந்த அட்டை பெரிய பாதுகாப்பு. மறுபுறம், கட்டடத்துக்குள் உரிமம் பெற்ற கடைக்காரர், நடைபாதையில் மேசை போட அந்த உரிமத்தைக் காரணம் காட்ட முடியாது. அது வாசற்படியோடு முடிந்துவிடுகிறது.

புதுப்பித்தல், மாற்றம், கடையை மூடுதல்

உரிமத்தில் எழுதியிருக்கும் காலம் முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். தேதி கடந்தபின் உரிமமின்றித் தொழில் நடத்துவதாகவே கொள்ளப்படும். அபராதம் வரலாம், கடைக்குச் சீல் வைக்கும் அளவுக்கும் போகலாம். கைப்பேசி நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னதாகக் குறித்து வைத்துக்கொள்வதே இதற்கு எளிய வழி.

அப்பா பெயரில் இருந்த உரிமம், கடை மகனிடம் வந்துவிட்டதால் தானாக மகன் பெயருக்கு மாறிவிடாது. நடக்கும் கடையை ஆளோடும் சரக்கோடும் சேர்த்து விலைக்கு வாங்குபவரும், உரிமம் சேர்ந்தே வருகிறது என்று நம்பிவிடக் கூடாது. பக்கத்துத் தெருவுக்கு இடம் மாறினாலும், பேக்கரியில் புதிதாக அடுப்பு வைத்துச் சமைக்கத் தொடங்கினாலும் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கடையை மூடும்போது செய்ய வேண்டியதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பலகையைக் கழற்றிச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்தாலும், மாநகராட்சிப் பதிவேட்டில் அந்தக் கடை திறந்தே இருக்கிறது. உரிமத்தை ஒப்படைத்து, தொழில் வரிக் கணக்கையும் முடித்துத் தரும்படி மண்டல அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதையும் தனியே ரத்து செய்ய வேண்டும். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அங்கே தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.